கண்ணாடிக்கு எட்டாத இடம்

"நான் பார்க்கவில்லை" என்று ஒரு முறையேனும் சொல்லாத மனிதர் இரார். கூட்டத்தில் பிறர் காலை மிதித்துவிட்டால் அப்படிச் சொல்கிறோம். வணக்கம் கூறியவரைக் கவனியாமற் சென்றுவிட்டால் பின்னர் அப்படிச் சொல்கிறோம். பெரும்பாலும் அது பொய்யன்று. கேட்பவரும் அதனை ஏற்றுக்கொண்டு விடுகிறார். கண்ணில் படாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வாறு பொறுப்பாக முடியும்? நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியின் புழுதி மைதானத்தில்தான் அந்த எண்ணம் முதன்முதலாக ஆட்டங்கண்டது.

என் தங்கை மகன் சென்ற ஆண்டு கனரக வாகனம் ஓட்டப் பழக விரும்பினான். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் பெயர்பெற்ற நாமக்கல் பகுதியில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்த்தோம். வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ வண்டி ஓட்டுபவருக்கு இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இவை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்பவை. இரண்டும் அவனுக்கு நிறைவேறியிருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியனான எனக்குப் பொழுது நிறைய இருந்தது. எனவே துணைக்கு நானும் சென்று, மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அன்று அவன் வண்டியில் ஏறவே இல்லை. வண்டியைச் சுற்றி நடந்தான். பயிற்சியளித்தவர் நெடுந்தொலைவு லாரி ஓட்டி நரைத்தவர். எல்லாரும் அவரை 'வாத்தியார்' என்றே அழைத்தனர். டயர்களைத் தட்டிப் பார்த்தல், எண்ணெய் அளவு பார்த்தல், விளக்குகளைச் சோதித்தல், குனிந்து வண்டியின் அடியில் நோக்குதல் ஆகியவற்றை அவர் திரும்பத் திரும்பச் செய்வித்தார். பெரிய லாரிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் உண்டு. இன்ஜினை இயக்கியபின் காற்றுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். போதிய அழுத்தம் ஏறாதவரை, வலிமையான சுருள்வில் ஒன்று பின் சக்கரங்களை இறுகப் பற்றியிருக்கும், வண்டி நகராது. அந்தச் சில நிமிடங்களையும் வாத்தியார் வீணாக்கவில்லை. "காத்து ஏறட்டும் தம்பி, அதுக்குள்ள இன்னொரு தடவ சுத்திப் பாத்துட்டு வா" என்பார்.

மூன்றாம் நாள் பையன் அலுத்துப்போனான். விரைந்து ஒரு சுற்று நடந்துவிட்டு ஏறி அமர்ந்தான். "பாத்தியா?" என்றார் வாத்தியார். "பாத்துட்டேனுங்க." "அடியில?" "பாத்துட்டேனுங்க." அவர் ஒன்றும் சொல்லாமல் அவனை இறங்கச் சொன்னார். பின் சக்கரத்தின் உட்புறம், நிழலில், ஒரு நாய் தன் குட்டிகளோடு படுத்திருந்தது. பையன் முகம் வெளிறிற்று. வாத்தியார் கடிந்துகொள்ளவில்லை. "வெயில் காலத்துல நிழலுக்கு மனுசனும் இப்படித்தான் படுப்பான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வாத்தியாரின் இந்தக் கண்டிப்புக்கு எடையே காரணம். மிதிவண்டியில் செல்பவரின் கவனக்குறைவு பெரும்பாலும் அவரையே காயப்படுத்தும். மூன்று அச்சு லாரியோ 2018ஆம் ஆண்டுவரை சுமையோடு சேர்த்து 25 டன் எடை வரை செல்லலாம் என்றிருந்தது. அவ்வாண்டு அந்த வரம்பு 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 17 மீட்டர் முன்னேறுகிறது. வேகம் இருமடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. இத்தகைய வண்டியில் ஓட்டுநரின் ஒரு நொடிக் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் சாலையில் இருக்கும் வேறு ஒருவரே. ஆற்றல் மிகுந்தவனின் கவனக்குறைவு எளியவன் தலையில் விடிகிறது. ஆகவே, கையில் எடை கூடக்கூடக் கண்ணின் கடமையும் கூடுகிறது. குடிபோதையாலோ வேக விருப்பத்தாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்று 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் எடுத்துரைப்பது இதனாற்றான்.

ஒரு வாரம் சென்றபின் வாத்தியார் என்னையும் அழைத்தார். "நீங்களும் வாத்தியாருதானுங்களே, ஏறி உக்காந்து பாருங்க" என்றார். படிகளில் கால்வைத்து ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். அரசர்கள் ஏன் யானைமேல் ஏறினார்கள் என்பது அப்போது விளங்கிற்று. மைதானத்தின் மதிற்சுவருக்கு அப்பால் சாலையும், சாலைக்கு அப்பால் வயலும், அதற்கும் அப்பால் மலையும் தெரிந்தன. "எல்லாம் தெரியுதுங்களா?" என்றார். "எல்லாமே தெரிகிறது" என்றேன்.

அவர் பயிற்சிக்கு வந்திருந்த அறுவரை வண்டியைச் சுற்றி நிற்க வைத்தார். முன் பம்பரை ஒட்டி ஒருவர், பின்னால் இருவர், இடப்புறக் கதவின் கீழே ஒருவர், பக்கவாட்டில் இருவர். "எத்தன பேருங்க?" என்று கேட்டார். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் பார்த்தேன். எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் நின்ற இருவர் மட்டுமே தெரிந்தனர். நால்வர் மறைந்துபோயிருந்தனர். அவர்கள் நின்றது தொலைவில் அன்று. கைநீட்டினால் தொடக்கூடிய அண்மையில். உயரம் எனக்குத் தொலைவைக் காட்டிவிட்டு அருகில் இருப்போரை மறைத்திருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் இடப்புறக் கதவின் கீழ்ப்பகுதியே மிகவும் மறைந்த இடம். வண்டி இடப்புறம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலே செல்லாமல் உட்புறமாக ஒடுங்கிச் செல்லும். அங்கே மிதிவண்டியில் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்பதை வாத்தியார் விளக்கவில்லை, விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் குவியாடி ஒன்று உண்டு. அது அதிக இடத்தைக் காட்டும். ஆனால் இருப்பவரை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும்.

நான் இறங்கியபோது, இடப்புறக் கதவின் கீழே நின்றிருந்தவர் என்னிடம் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. வெயிலில் கறுத்த முகம். "சார், என்னத் தெரியுதுங்களா?" என்றார். தெரியவில்லை. "1998ல ஏழாவதுல உங்க கிட்டப் படிச்சேனுங்க. கடைசி பெஞ்சு" என்றார். பெயரைச் சொன்னார். அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

ஏழாம் வகுப்பு முடியுமுன் அவர் பள்ளியைவிட்டு நின்றார். லாரியில் சுமை ஏற்றி இறக்கிவந்த தந்தை நோயில் விழுந்துவிட்டார். பையன் ஒரு லாரியில் கிளீனராகப் போனான். பின்னர் ஓட்டுநராக விரும்பி 2010இல் முயன்றபோது எட்டாம் வகுப்புச் சான்று கேட்டார்கள். சரக்கு வண்டி ஓட்டும் உரிமத்திற்கு அக்கல்வித் தகுதி வேண்டும் என்ற விதி 2019இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின்னும் கடனும் நோய்த்தொற்றுக் காலமும் அவரை நிறுத்திவைத்தன. இருபது வயதில் அமரவேண்டிய இருக்கைக்கு இப்போதுதான் வந்திருக்கிறார். அதுவரை, கிளீனராக அவர் செய்த வேலை என்ன? இடப்புறக் கதவருகே இருந்து, ஓட்டுநருக்குத் தெரியாத பக்கத்தைப் பார்த்துச் சொல்வது. பின்னால் நகரும்போது இறங்கி நின்று வண்டியைத் தட்டிக் குரல் கொடுப்பது. வேறொருவரின் காணாத பக்கத்திற்கு அவர் இத்தனை ஆண்டுகள் கண்ணாக இருந்திருக்கிறார்.

"என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எத்தகைய கேள்வி என்பது எனக்கு உறைத்தது. அவர் சிரித்தார். "ஒரு நா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க சார். நீங்க வராண்டால உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டேனுங்க." என் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். உடனே ஆறுதலாகச் சொன்னார்: "அதுக்கென்னங்க சார்? நீங்க பாக்கலீங்க, அவ்வளவுதானுங்க."

நான் பிறரிடம் எத்தனையோ முறை சொன்ன சமாதானத்தை, பாதிக்கப்பட்டவரே எனக்காக எடுத்துச் சொன்னார். அன்றிரவு என்னை உறங்கவிடாத கேள்வி இதுதான்: அவர் தந்த அந்தச் சமாதானத்தை நான் ஏற்கலாமா?

அறவியல் இக்கேள்விக்குப் புதியதன்று. அறியாமையால் செய்த தவறாயினும், அந்த அறியாமைக்கு அவனது அசட்டையே காரணமாயின் அவன் பொறுப்பாளியே என்று கிறிஸ்துவுக்கு முன்பே அரிஸ்டாட்டில் வாதிட்டார். தூய தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் அறியாமையை வகைப்படுத்துகிறார். எவ்வளவு முயன்றும் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை ஒன்று; அது பாவமாகாது. அறியக் கடமைப்பட்டிருந்தும் அறிய முயலாமையால் வரும் அறியாமை மற்றொன்று. அதில் குற்றம் உண்டு. திருச்சபையின் மறைக்கல்வியும் மனச்சான்றைப் பற்றிப் பேசுமிடத்தில் இவ்வேறுபாட்டையே நிலைநிறுத்துகிறது. ஆகவே, "பார்த்தாயா?" என்ற கேள்வியோடு மனச்சான்றின் விசாரணை முடிந்துவிடுவதில்லை. "பார்க்கக் கடமைப்பட்டிருந்தாயா? பார்க்க முயன்றாயா?" என்னும் கேள்விகள் அதனைத் தொடர்கின்றன.

என் வழக்கை நானே நடத்திப் பார்த்தேன். எனக்காகப் பேசவும் காரணங்கள் உண்டு. அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்பு. கல்வி அதிகாரியின் ஆய்வு நெருங்கிய நாள்கள். சொல்ல வந்தவன் வாய் திறக்கவில்லை. இவ்வளவும் உண்மை. எனினும் வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது. அதில் ஒரு பெயருக்கு நேரே நாள்தோறும் 'வரவில்லை' என்று நான்தான் குறித்தேன். பல நாள்கள் கழிந்தபின் அப்பெயரை நீக்கிச் சிவப்பு மையால் கோடிட்டதும் நானாகத்தான் இருக்க வேண்டும். பதிவேடு எனக்கு ஒரு கண்ணாடியாக இருந்தது. அதில் ஒரு சிறுவன் மறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. நான் இறங்கிச் சென்று பார்க்கவில்லை. வராண்டாவில் நிழல் ஒன்று விழுந்ததையும் நான் ஒருவேளை உணர்ந்திருக்கலாம். தலை நிமிர்ந்தால் வேலை தடைப்படும் என்று நிமிராமலும் இருந்திருக்கலாம். நினைவு எனக்குச் சாதகமாகவோ எதிராகவோ சான்று சொல்ல மறுக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மனிதக் கண் அளவுக்குட்பட்டது. எல்லாவற்றையும் காணும் கண் இறைவனுக்கே உரியது. காணாதது அனைத்துக்கும் கணக்குக் கேட்டால் எவர்தாம் நிற்க முடியும்? நொந்து நொந்து நலியும் குழம்பிய மனச்சான்றுதானே மிஞ்சும்? இது நியாயமான மறுப்பு. ஓட்டுநர் பள்ளியும் இம்மறுப்பை ஏற்கிறது. லாரிக்குக் காணாத இடம் இருப்பதே குற்றம் என்று அங்கு எவரும் சொல்வதில்லை. அத்தகைய இடம் இல்லாத லாரி இல்லை. அது கேட்பவை மூன்றே. உன் கண்ணுக்கு எட்டாத இடம் எது என்று தெரிந்துகொள். நகருமுன் இறங்கிச் சுற்றிப் பார். உனக்குத் தெரியாததைத் தெரிவிக்க ஒருவரை அருகில் வைத்துக்கொள். அவர் குரலைக் கேள். இம்மூன்றையும் செய்தபின்னும் தீங்கு நேருமாயின், அங்கே துயரம் இருக்கும், குற்றம் இராது. இவற்றைச் செய்யாதவனுக்கு "நான் பார்க்கவில்லை" என்பது சமாதானம் ஆகாது. அவன் பாராதிருந்ததற்கு அவன் வாயே தரும் வாக்குமூலம் ஆகிவிடும்.

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரின் உவமையை இந்த வெளிச்சத்தில் மீண்டும் படித்தேன். அச்செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. இலாசர் கிடந்தது அவர் வீட்டு வாயிலருகே. நாள்தோறும் அவ்வழியே சென்றவருக்கு அவர் தென்படவில்லை. தென்பட்டும் பார்வையில் தங்கவில்லை. இறந்தபின் வேதனையில் கண்ணை உயர்த்தும்போது, தொலைவிலிருந்து, ஆபிரகாமின் மடியில் இலாசரைக் காண்கிறார். காண்பது மட்டுமன்று; பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்! அருகிலிருந்தபோது தெரியாத முகம், கடக்க முடியாத பிளவுக்கு அப்பாலிருந்து தெளிவாகத் தெரிகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சியிலும் இரு சாராருமே ஆண்டவரைத் தாங்கள் கண்டதில்லை என்றே வியக்கின்றனர். நேர்மையாளரும் ஆண்டவரைக் காணவில்லைதான். ஆனால் பசித்தவரைக் கண்டார்கள், கண்டதனால் கொடுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது வானத்தை ஊடுருவும் தொலைப்பார்வை அன்று. வாயிற்படியைப் பார்க்கும் அண்மைப் பார்வை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் புதுப்பிக்கப்பட்ட திருப்பலி நூலில், பாவ அறிக்கை மன்றாட்டில் சிந்தனை, சொல், செயல் என்ற மூன்றோடு கடமையில் தவறுதல் என்னும் நான்காவதும் சேர்க்கப்பட்டது. ஞாயிறுதோறும் நெஞ்சில் தட்டிக்கொண்டு நாம் அதனையும் சொல்கிறோம். முதல் மூன்றுக்கும் நம் நினைவில் எடுத்துக்காட்டுகள் உண்டு. நான்காவதற்கு ஒன்றும் தோன்றுவதில்லை. தோன்றாததற்குக் காரணம் நம் தூய்மையன்று. அது நிகழும் இடம் கண்ணாடிக்கு எட்டாத இடம் என்பதே.

நம்மில் ஒவ்வொருவருக்கும் எங்கேனும் ஓர் உயர்ந்த இருக்கை தரப்பட்டிருக்கிறது. குடும்பத் தலைவர் என்பது ஓர் இருக்கை. மாமியார் என்பதும் இருக்கையே. அலுவலகத்தில் மேசைக்கு அப்புறம் நாற்காலி உள்ளவருக்கும், பங்குப் பேரவையில் இடம் பெற்றவருக்கும் உயரம் உண்டு. அந்த உயரத்திலிருந்து ஆலய விழாவும் கட்டட நிதியும் வெகுதூரம் தெரிகின்றன. தேரடியில் நின்று வரி கட்ட வழியில்லாமல் திரும்பிப் போன குடும்பம் தெரிவதில்லை. கோயில்பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது தெரிவதில்லை. இரண்டு மாதமாக மறைக்கல்விக்கு வராத சிறுமி தெரிவதில்லை. பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் துல்லியமாக அறிந்த தந்தைக்கு அவர்களின் பயம் தெரிவதில்லை. நம் பதிவேடுகளும் அறிக்கைகளும் குவியாடிகளே: நிறையக் காட்டும், அருகிலுள்ளதைத் தொலைவிலுள்ளதாகக் காட்டும். நமக்குக் காணாத பக்கத்தைக் காட்டித் தட்டிச் சொல்லும் கிளீனரை நாம் அருகில் வைத்திருக்கிறோமா? அவர் தட்டினால் வண்டியை நிறுத்துகிறோமா, அல்லது இரைச்சல் என்று சலித்துக்கொள்கிறோமா?

பயிற்சி முடிந்து, மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் தேர்வு நடந்த நாளில் நானும் போயிருந்தேன். என் தங்கை மகன் தேறினான். அவரும் தேறினார். அவர் தம் முறை வந்ததும் ஏறுமுன் வண்டியைச் சுற்றி நடந்தார். யாரும் சொல்லித்தரவேண்டிய தேவையின்றி, குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் நோக்கினார்.

அவரிடம் நான் சென்றேன். "நீ சொன்ன சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை அப்பா. நான் பார்த்திருக்க வேண்டும். அதற்கு என்னை மன்னித்துவிடு" என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "என்னங்க சார் இது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. 'நீங்க பாக்கலீங்க' என்று இம்முறை அவர் சொல்லாதது எனக்குப் போதுமாயிருந்தது. சமாதானத்தால் ஒருவன் தப்பித்துக்கொள்ளலாம்; மன்னிப்புக்கோ குற்றத்தை ஒப்புக்கொண்டவனே தகுதியுள்ளவன் என்பதை அந்தக் கைப்பிடியில் அறிந்தேன். அவர் இழந்த ஆண்டுகள் திரும்பா, அதனையும் அறிந்தேன்.

எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு ஒன்று இன்னமும் என் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். தொடர்ந்து வராத மூவரின் பெயர்களைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாலையில் வெயில் தாழ்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் வீடு எங்கே என்று விசாரித்தபடி நடக்கலானேன்.